பனிக்காலத் தபால்

மார்கழி பிறந்ததிலிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி பனி, கோலம், அறுவடை என்றே இருக்கின்றன. ஒருவர் மட்டும் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டிருக்கிறார், அவர் மன்னிக்கவும், என் முழங்காலுக்கே இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மற்றவர்களுக்கு இதோ.

கே: அக்கா, நான் திருவாரூர்ப் பக்கம் பிறந்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறேன். "எங்கள் ஊரிலும் குளிர்காலம் உண்டு" என்று ஆபீஸில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். டெல்டாவில் குளிர் உண்டா இல்லையா, நீங்களே சொல்லிவிடுங்கள்.
– ஒரு வாசகர், பெங்களூரு

ப: தெர்மாமீட்டரை வைத்துப் பேசினால் நாம் தோற்றுத்தான் போவோம் தம்பி, அந்த வம்பே வேண்டாம். நம் பக்கம் விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே டீக்கடையில் மப்ளர் கட்டாத தலை ஒன்றுகூட இருக்காது. ஆனால் நம் வீடுகளில் குளிரை அளந்தது தேங்காயெண்ணெய் பாட்டில். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும், ஆகவே ஐப்பசி வரை தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்த எண்ணெய் ஒருநாள் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராமல் வெள்ளையாக நின்றால் "பனி வந்தாச்சு" என்பார் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா. பாட்டிலைத் திண்ணை வெயிலில் வைப்போம், அது உருகுவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உடைத்துப் பாட்டிலுக்குள் விட்டுக் கிண்டி, குச்சியில் ஒட்டி வருகிற வெள்ளை எண்ணெயை உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்துத் தலையில் அப்பிவிடுவார். அப்படியும் வகிட்டோரம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும், முதல் பீரியடு முடியும்போதுதான் காதோரம் வழியும்.

அப்புறம் ஒன்று. நம் குளிர் ஈரக் குளிர். மழை ஓய்ந்திருக்கும், வயலெல்லாம் தண்ணீர் நிற்கும், வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இருக்காது, காற்றும் நின்றுபோன ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும். தரையை ஒட்டியிருக்கிற ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிவிடும். அதற்குள்தான் நாற்பது ஐம்பது பேர் விடிவதற்கு முன்பே கதிர் அறுக்கப் போவார்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொன்னவர்கள் வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர்களாக இருக்க முடியாது. உங்கள் ஆபீஸ்காரர்கள் ஒரு தை மாதம் காலை ஐந்து மணிக்கு வரப்பில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

கே: மார்கழியில் அடிபம்புத் தண்ணீர் மட்டும் காலையில் வெதுவெதுவென்று வருகிறதே, ஏன்?
– எட்டாம் வகுப்பு மாணவி, வலங்கைமான்

ப: நல்ல கேள்வி கண்ணு. தண்ணீர் சூடாகவில்லை, நீதான் குளிர்ந்து போயிருக்கிறாய். பூமிக்கு அடியில் இருக்கிற தண்ணீரின் சூடு வருஷம் பூராவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வெளியில் காற்றுக் குளிர்ந்திருப்பதால் அதே தண்ணீர் கைக்கு இதமாகத் தெரிகிறது. சித்திரை மத்தியானத்தில் அதே பம்பில் அடித்தால் ஜில்லென்று இருக்கும், ஞாபகம் வைத்துக்கொண்டு பார். ஆற்றிலும் விடியற்காலையில் ஆவி பறக்கும், அதுவும் காற்றைவிடத் தண்ணீர் சூடாக இருப்பதால்தான். நாங்கள் அதைப் பார்த்துவிட்டு ஆற்றுக்கு அடியில் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று சொல்லித் தம்பியைப் பயமுறுத்துவோம்.

கே: மார்கழிக் கோலத்தில் சாணியைப் பிடித்துப் பூ வைப்பது எதற்கு என்று என் மருமகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குச் சாணியைத் தொடவும் கூச்சம். உங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள்?
– வாசகி, பாபநாசம்

ப: எதற்கு என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. எப்படி என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எட்டு வயதிலிருந்து பூ பறிக்கிற வேலை என்னுடையது.

எங்கள் பக்கம் வைப்பது பரங்கிப்பூ. கொட்டகைக் கூரை மேல் ஏற்றிவிட்ட கொடியில் நாலு மணிக்கெல்லாம் மொட்டு விரியத் தொடங்கும், மத்தியானத்துக்குள் வாடிச் சுருண்டுவிடும், அதனால் முந்தின நாளே பறித்து வைக்கிற வேலை நடக்காது. அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாயி கீழே நிற்பார், நான் ஏணியில். "காம்பு நீட்டமா இருக்கிறதைப் பறி, அடியில குண்டு இருக்கிறதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்று தினமும் அதே வசனம். நீளக் காம்புப் பூ ஆண் பூ, அது காய்க்காது. அடியில் சின்னக் கோலிக்குண்டு மாதிரி இருப்பது பெண் பூ, அதுதான் காயாகும். ஒரு கொடியில் ஆண் பூதான் அதிகம் பூக்கும், ஆகவே மாதம் முழுக்க வாசலுக்குப் பறித்தாலும் தைப் பொங்கலுக்குக் கூட்டு வைக்கக் காய் குறையாது. பள்ளிக்கூடத்தில் மகரந்தச் சேர்க்கை நடத்தியபோது டீச்சருக்கு முன்னால் நான் கை தூக்கியது இந்தப் புண்ணியத்தில்தான்.

கொடி இல்லாத வீட்டுக்காரர்கள் நம் கூரையில் கை வைப்பார்கள். நாங்களும் வைத்திருக்கிறோம், இப்போது ஒத்துக்கொள்கிறேன். மார்கழித் திருட்டுக்கு யாரும் சண்டைக்கு வந்ததில்லை, மறுநாள் அவர்கள் வாசலில் நம் பூ இருப்பதைப் பார்த்துவிட்டு "பூ நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க" என்று கேட்டுவிட்டுப் போவதோடு சரி.

காலையில் வைத்த உருண்டையைப் பொழுது ஏறியதும் எடுத்துப் பூவோடு சேர்த்துத் தட்டி, சுவரில் அப்பிக் காயவைப்போம். முப்பது நாளுக்கும் வரிசையாக வராட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு காய்ந்த பூவின் தடம். எங்கள் வீட்டில் அதுதான் பொங்கல் அடுப்புக்கு முதல் எரிப்பு. உங்கள் மருமகள் சாணி தொடாவிட்டால் போகட்டும், பூவை மட்டும் கோலத்தின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். நானும் விரும்பித் தொட்டவள் இல்லை. குளிரில் சாணி கரைத்த தண்ணீரில் கையை விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது தினம் விட்டவர்களுக்குத்தான் தெரியும், அந்தக் காலத்து மார்கழி எவ்வளவு அழகு என்று உருகி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் வாசல் தெளித்ததே இல்லை.

கே: பட்டணத்து வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவின் நிலத்தைப் பார்க்கிறேன். சம்பா அறுத்ததும் உளுந்து போடலாம், "பனியிலேயே வெளஞ்சிடும்" என்கிறார்கள். தண்ணீரே விடாமல் ஒரு பயிர் எப்படி விளையும்? கேலி செய்கிறார்களா?
– இளைஞர், நீடாமங்கலம் பக்கம்

ப: கேலி இல்லை, ஆனால் அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கிறது. விளைவது முக்கியமாக மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தில். நம் களிமண் ஈரத்தைச் சட்டென்று விடாது. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், அதற்கப்புறம் ஆற்றில் மணல்தான், ஆகவே நெல்லுக்குப் பின்னால் தண்ணீர் கேட்காத பயிராகப் பார்த்துப் போட்டார்கள் நம் பெரியவர்கள். ராத்திரிப் பனி மண்ணைச் சீக்கிரம் காயவிடாமல் பிடித்துக்கொள்கிறது, காலையில் இலையும் நனைந்திருக்கிறது, அந்த அளவில் பனிக்குப் பங்கு உண்டு.

நேரம்தான் இதில் எல்லாம். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெற்பயிருக்குள்ளேயே விதையைத் தெளிக்க வேண்டும், அறுத்துவிட்டுத் தெளிக்கலாம் என்று இருந்தால் ஈரம் போய்விடும். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும், அதாவது கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், புதையக் கூடாது. தண்ணீர் தேங்கியிருந்தால் விதை அழுகும், காய்ந்திருந்தால் முளைக்காது. ஏக்கருக்கு 10, 12 கிலோ. ஆடுதுறை 3 ரகம் இப்படி நெல்லுக்குப் பின்னால் போடுகிற உளுந்துக்கென்றே பேர் வாங்கியது, இரண்டரை மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். பூக்கிற நேரத்தில் டிஏபி உரக் கரைசல் 2 சதவீதம் தெளியுங்கள், அதற்கு மேல் அது உங்களிடம் ஒன்றும் கேட்காது.

கையறுவடை இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. இப்போது பெல்ட் வைத்த அறுவடை மிஷின் இறங்குகிறது, முளைத்துத் தலை நீட்டின உளுந்து அதன் தடத்தில் நசுங்கிப்போகும். மிஷின்காரர் என்றைக்கு வருவார் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு நாள் கணக்குப் பண்ணித் தெளியுங்கள். "நாளைக்கு வர்றேன்" என்று அவர் சொன்னால் அதில் நாலு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கே: நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூன்று நாளாகத் திருப்பி அனுப்புகிறார்கள். பகலில் காயவைத்தால் ராத்திரிப் பனியில் திரும்ப ஏறிவிடுகிறது. வயிறு எரிகிறது அக்கா. உங்களுக்கு நடந்ததுண்டா?
– விவசாயி, குடவாசல் பக்கம்

ப: நடந்ததுண்டு. ஒரு ஊரில், எந்த ஊர் என்று வேண்டாம், என் கொழுந்தனார் நெல்லோடு நாலு ராத்திரி சாலையோரம் படுத்திருந்தார். காலையில் ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு. பிறகு 17-க்குள் வந்தபோது சாக்கு இல்லை என்றார்கள். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அறுவடை நேரத்தில் மழை கொட்டியதே, அந்த மாதிரி வருஷங்களில் ஈரப்பதத் தளர்வு கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பனி மட்டும் பெய்கிற வருஷத்தில் பேச்சே எடுபடுவதில்லை. தையில் அறுக்கிற ஊரில் தைப் பனியைக் கணக்கில் சேர்க்காமல் விதி போட்டால் வயிறு எரியத்தான் செய்யும்.

நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கே தார்ப்பாயைப் பிரிக்காதீர்கள், பனி முழுக்க விலகி ஒன்பது மணி வெயில் வந்தபிறகு பிரியுங்கள். மெல்லிசாகப் பரப்பி அரை மணிக்கொரு தரம் காலால் கிளறிவிடுங்கள். நாலு மணிக்குள் குவித்து மூடிவிடுங்கள். தார்ப்பாய்க்கு அடியில் வைக்கோல் கொஞ்சம் போட்டால் உள்பக்கம் வேர்க்கிற தண்ணீர் நெல்லில் சொட்டாது. ஈர நெல்லைப் பெரிய குவியலாக ரொம்ப நேரம் விடாதீர்கள், உள்ளே சூடேறி நிறம் மங்கிவிடும். அப்பா ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார், 'டக்' என்று உடைந்தால் பத்தாயத்துக்குப் போகும், மெத்தென்று நசுங்கினால் திரும்பக் களத்துக்கு. அவர் பல்லுக்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

கே: ஒவ்வொரு மாதமும் கறாராகவே பதில் சொல்கிறீர்கள். குளிர்காலத்தில் உங்களுக்கு இனிமையான ஞாபகம் என்று ஒன்றாவது உண்டா?
– வாசகி, மயிலாடுதுறை

ப: உண்டு அம்மா. களத்துக் காவல்.

எங்களுக்கு ஐந்து மா நிலம், ஏக்கர் கணக்கில் ஒன்றரைக்குக் கொஞ்சம் கூட. அறுத்துக் கட்டுக் கட்டாகக் களத்துக்கு வந்துவிட்டால் நெல் வீடு போய்ச் சேரும்வரை அப்பா களத்தில்தான் படுப்பார். அடித்துத் தூற்றிக் குவித்த அம்பாரத்தைச் சுற்றிச் சாணிக் கரைசலால் குறி போட்டுவிடுவார், யாராவது கை வைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். பத்து வயதில் அழுது அடம்பிடித்து ஒரு ராத்திரி நானும் போனேன். வைக்கோல் போரில் ஆள் நுழைகிற அளவு குடைந்து, உள்ளே சாக்கை விரித்து என்னைப் படுக்க வைத்தார். உடம்பெல்லாம் சுணை அரித்தது, ஆனால் அந்தக் கதகதப்பை இன்றைக்கு எந்தக் கம்பளியிலும் பார்க்கவில்லை. சாம்பலுக்குள் சுட்ட சக்கரவள்ளிக் கிழங்கு, பித்தளைத் தூக்கில் வரக்காப்பி. எலிக்கு வைத்த மூங்கில் கிட்டி வயல் பக்கம் 'டப்' என்று அடிக்கிற சத்தம் கேட்கும், அப்பா படுத்தபடியே "ஒண்ணு" என்பார், கொஞ்ச நேரம் கழித்து "ரெண்டு" என்பார். பொழுது விடிவதற்குள் ஏழு வரை எண்ணியது ஞாபகம். விடிந்ததும் போருக்குள்ளிருந்து தலையை நீட்டினால் களமே காணாமல் போயிருந்தது, பனிக்குள் மாட்டின் மணிச் சத்தம் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

இதை நான் பல தடவை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது. அதே களத்தில், அறுப்புக்கு வந்தவர்களோடு என் வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் சொருகித் தலையில் மாட்டிக்கொள்வார்களே, அந்தக் கொங்காணிதான் அவளுக்குப் போர்வை. நான் போருக்குள், அவள் வெளியில். விடிந்ததும் நான் வீட்டுக்கு வந்து தூங்கினேன், அவள் உதிர்ந்த கதிர் பொறுக்கப் போனாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்ததால் கேட்டேவிட்டேன், அந்த ராத்திரி உனக்குக் குளிரவில்லையா என்று. அவள் சிரித்துவிட்டாள். "நீ தூங்கினப்புறம் நான் நெல்லுக் குவியலுக்குள்ள முழங்கால் வரைக்கும் காலை விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன், உள்ள அப்படி ஒரு சூடு. உங்கப்பா பாத்துட்டாரு. குறி கலைஞ்சிடுச்சின்னு திட்டிட்டு, மறுபடியும் அவரே குறி போட்டுட்டுப் போய்ப் படுத்துட்டாரு, காலை எடுக்கச் சொல்லல" என்றாள். ஈர நெல் குவியலில் சூடேறும் என்று மேலே எழுதினேனே, அது அன்றைக்கு அவளிடமிருந்துதான் எனக்கு முதலில் உறைத்தது. அப்பா இதை என்னிடம் கடைசிவரை சொன்னதில்லை.

கே: தயிர் உறையவில்லை, இட்லி மாவு பொங்கவில்லை. என்ன செய்ய?
– புது மணப்பெண், கும்பகோணம்

ப: பாலை வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதல் சூட்டில், விரல் பொறுக்கிற சூட்டில், உறை ஊற்றுங்கள். உறைமோரையும் இன்னொரு கரண்டி கூட்டுங்கள். பாத்திரத்தை ஹாட்பேக்குக்குள் வைத்துவிடுங்கள், அப்பாயி உமிக்குள் புதைத்து வைப்பார். மாவைக் கெட்டியாக அரைத்துக் கையால் கலந்து அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள், கூட நாலு மணி நேரம் கொடுங்கள். மாமியார் ஏதாவது சொன்னால் பனி மேல் பழியைப் போடுங்கள், உண்மையும் அதுதான்.

கே: பறவை பார்க்கக் குழந்தைகளை எங்கே அழைத்துப் போகலாம்?
– வாசகர், திருச்சி

ப: தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் வடுவூர் ஏரிக்குப் போகலாம். முத்துப்பேட்டை வரை போவதாக இருந்தால் உதயமார்த்தாண்டபுரம். இரண்டுக்கும் 2022-ல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற அங்கீகாரம், கிடைத்தது. பூநாரை பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைதான். எங்கே போனாலும் விடியற்காலையில் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் போய்விட்டுப் பறவை இல்லை என்று எனக்கு எழுதக் கூடாது.

கே: மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை இப்போதும் கிடைக்கிறதா? கடையில் எல்லாம் பிளாஸ்டிக் மாலையாகத் தொங்குகிறது.
– வாசகர், சென்னை (சொந்த ஊர் திருவிடைமருதூர்)

ப: கிடைக்கிறது, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நரசிங்கன்பேட்டையிலேயே செய்கிறார்கள். குளம் குட்டையில் வளர்கிற நெட்டிச் செடியை அறுத்து வந்து, தோலைச் சீவி, உள்ளே இருக்கிற வெள்ளைத் தக்கையைத் துண்டு துண்டாக நறுக்கிக் காயவைத்துச் சாயம் ஏற்றிக் கோர்ப்பது. கையில் எடுத்தால் எடையே இருக்காது. மாட்டுக்கு அதனால்தான் அது பிடிக்கும் என்பார் அப்பா, கழுத்தில் இருப்பதே தெரியாதாம். பக்கத்து மாட்டுக்குத்தான் தெரியும், எட்டி ஒரு வாய் இழுத்துவிடும். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற கோயில் பொம்மைகளுக்கு. மாலை கோர்க்கிற வீடுகளுக்குப் பொங்கல் ஒரு வாரம்தான் வியாபாரம்.

போன பொங்கலுக்கு எங்கள் தெருவில் நெட்டி மாலை போட்டுக்கொண்டது மூன்று மாடு, ஒரு கன்றுக்குட்டி, இரண்டு டிராக்டர், ஒரு ஸ்கூட்டி. டிராக்டர் மாலைதான் மறுநாள் வரை முழுசாக இருந்தது. போகிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வாங்கிவிடுங்கள், ஒன்று கூடுதலாக வாங்குங்கள்.